பழைய சிவப்புத் தரையின் மேல் மரத்தோற்ற வினைல் பலகை: காவேரிப்பட்டணம் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் உள்ள ஒரு தரைத்தள வீட்டில் நடந்த வேலையின் பதிவு இது. 1980களின் இறுதியில் செங்கல் சுவர் எழுப்பிக் கட்டப்பட்ட அந்த வீட்டின் கூடத்திலும் இரண்டு படுக்கையறைகளிலும் சிவப்பு ஆக்சைடு தரை போடப்பட்டிருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியரும், கணவரின் தாயாரான எண்பது கடந்த மூதாட்டியாரும் அங்கே வசிக்கின்றனர். மகனும் மருமகளும் பெங்களூரில் வேலை செய்கிறார்கள். தரையை மாற்ற வேண்டும் என்ற பேச்சைத் தொடங்கியவர்கள் அவர்களே.

தரை மாற்றப்பட வேண்டிய நிலையில்தான் இருந்தது. கூடத்தில் சுவரை ஒட்டி மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன. நடக்கும் வழியில் நிறம் தேய்ந்து உள்ளே இருந்த சாம்பல் நிறச் சிமெண்ட் தெரிந்தது. ஒரு படுக்கையறையில் மேற்பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்துகொண்டிருந்தது. உறவினர்கள் அனைவரும் கிரானைட்டையே பரிந்துரைத்தார்கள். கல்லுக்குப் பேர்பெற்ற மாவட்டத்தில் அது இயல்பான யோசனைதான். ஆனால் மூதாட்டியார் சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டில் பளபளக்கும் டைல்ஸ் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தவர். பளிச்சென்று மின்னும் தரை எதுவாயினும் அவருக்கு அச்சம். மூட்டுவலியால் மார்கழிக் குளிரில் கல்தரையில் கால் வைக்கவும் அவரால் இயலவில்லை. இவற்றுக்கும் மேலாக, பழைய தரையை உடைத்தெடுத்தால் எழும் தூசியை அவருடைய மூச்சிரைப்பு தாங்காது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஆகவே உடைக்காமல், இருக்கும் தரையின் மேலேயே போடக்கூடியதும், வழுக்காததும், காலுக்குச் சில்லென்று இராததுமான ஒன்றைத் தேடினார்கள். மருமகள் தம் அலுவலகத் தோழி ஒருவரின் வீட்டில் கண்ட மரத்தோற்ற வினைல் (ஒருவகைப் பிளாஸ்டிக்) பலகையை அப்போதுதான் முன்வைத்தார்.

கட்டடப் பராமரிப்பு வேலைகளை மேற்பார்க்கும் பொறியாளன் என்ற முறையில் என்னை அழைத்தபோது, கடையிலிருந்து வந்த மாதிரிப் பலகைகள் ஏற்கெனவே கூடத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. தேக்கு நிறமா, ஓக் நிறமா என்பதே அப்போது அங்கு நடந்த விவாதம். பலகையைப் பிறகு பார்க்கலாம், முதலில் தரையைப் பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டேன்.

தரையில் கண்டவை

முதலில் கவனித்தது வாட்டம். அக்காலத்தில் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது வழக்கமாதலால், கொத்தனார் கூடத்தின் தரையை வாசற்பக்கம் சற்றே சாய்த்து முடித்திருந்தார். இந்தச் சாய்வைக் கண்டவுடன் முழுத் தரையையும் நிரவ வேண்டும் என்று ஒரு விற்பனையாளர் சொல்லியிருந்தார். அது தேவையற்ற செலவு. ஒரே சீராகச் சாய்ந்த தளத்தில் பலகை நன்றாகவே உட்காரும்; பலகைக்குப் பகை சாய்வன்று, இடையிடையே உள்ள மேடுபள்ளமே. இரண்டு மீட்டர் நீள அலுமினிய மட்டக்கட்டையைத் தரையில் பல திசைகளில் வைத்துப் பார்த்ததில், கூடத்தின் பெரும்பகுதியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இல்லை. நடுவில் ஓரிடத்திலும், படுக்கையறை வாயிலருகே ஓரிடத்திலும் மட்டும் 6 முதல் 8 மி.மீ. வரை பள்ளம் இருந்தது. அப்பள்ளங்களை அப்படியே விட்டுப் பலகை போட்டால், மிதிக்கும்போதெல்லாம் பலகை கீழிறங்கி எழும். பலகைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இணைப்பின் நாக்குப் பகுதி நாளடைவில் முறிந்துவிடும்.

இரண்டாவதாக ஈரம். 18 அங்குலச் சதுரமாக வெட்டிய கனமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப் ஒட்டி அடைத்து, ஒரு நாள் முழுதும் விட்டுப் பார்ப்பது எளிய சோதனை. தாளின் அடியில் நீர்த்துளி பூத்தாலோ தரை கருத்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். கோடையில் இச்சோதனையைச் செய்தபோது எந்த அறையிலும் ஒன்றும் தெரியவில்லை. குடும்பத்தினர் உடனே வேலையைத் தொடங்க விரும்பினார்கள். ஆனால் அந்தத் தெரு பலமுறை மேலே மேலே தார் போட்டு உயர்த்தப்பட்டதால் வீட்டின் அடிப்பீடம் சாலை மட்டத்துக்குச் சற்றே மேலாகத்தான் நின்றது. மழைநீர் பக்கச் சந்தில் தேங்கிய அடையாளம் சுவரின் உப்புப் பூத்த பட்டையில் தெரிந்தது. தாள் சோதனை அன்றைய நிலையை மட்டுமே காட்டும். நம் பக்கத்தில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை மிகுதி. அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று கேட்டபோது, வீட்டுத் தலைவர் சிறிது தயங்கி ஒப்புக்கொண்டார்.

அந்தக் காத்திருப்பே இந்த வேலையின் போக்கை மாற்றியது. அக்டோபரில் மீண்டும் தாள் ஒட்டியபோது கூடமும் முன் படுக்கையறையும் உலர்ந்தே இருந்தன. குளியலறையை ஒட்டிய பின் படுக்கையறையில் மட்டும் தாளின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது, தரையும் கருத்திருந்தது. மேற்பூச்சு பெயர்ந்துகொண்டிருந்ததும் அதே அறைதான். குளியலறையில் தண்ணீரை நிறுத்தி ஒரு வாரம் பார்த்ததில் கருமை பாதியாகக் குறைந்தது. பிளம்பர் திறந்து பார்த்தபோது பழைய நஹானி டிராப்பின் (தரை நீர் வடியும் குழிவாய்) இணைப்பு விட்டுப்போயிருந்தது. மீதிப் பாதி ஈரம் மண்ணிலிருந்து ஏறுவது.

மூன்றாவது கரையான். முன் படுக்கையறைக் கதவு நிலையின் அடியில் பழைய மண்கோடு ஒன்று இருந்தது. வினைலைக் கரையான் தின்னாது என்று விற்பனையாளர்கள் சொல்வது உண்மையே. ஆயினும் தரையை மூடிவிட்டால் வெடிப்பு வழியே ஏறும் கரையானின் மண்கோடு கண்ணில் படாமல் பலகைக்கு அடியிலேயே நிலை வரை போய்ச் சேரும் என்பதை எவரும் சொல்வதில்லை.

எண்ணிப் பார்த்த வழிகள்

லேமினேட் பலகை தோற்றத்தில் மரத்துக்கு மிக நெருக்கமானது, விலையும் குறைவு. ஆனால் அதன் உள்ளீடு மரநாரை அழுத்திச் செய்த பலகை. ஈரம் பட்டால் ஓரங்கள் ஊதும், கரையானுக்கும் இரையாகும். இந்த வீட்டில் கண்டவற்றை வைத்துப் பார்த்தால் அதை முதலிலேயே விலக்க வேண்டியிருந்தது.

பசை தடவி ஒட்டும் 2 முதல் 3 மி.மீ. கனமுள்ள வளையும் வினைல் அடுத்தது. கதவுகளை இழைக்க வேண்டியிராது என்பது அதன் நன்மை. ஆனால் மூதாட்டியார் முப்பது ஆண்டுகளாகத் தரைக்குத் தேங்காயெண்ணெயும் மெழுகுப் பாலிஷும் மாறி மாறித் தேய்த்து வந்திருக்கிறார். எண்ணெய் ஊறிய ஆக்சைடு தரையில் பசை பிடிக்காது. முழுவதையும் எந்திரத்தால் தேய்த்தெடுத்தால், எந்தத் தூசியைத் தவிர்க்க இத்தனை யோசித்தோமோ அதே தூசி எழும். மேலும் சிமெண்டிலிருந்து மேலேறும் ஈரம் காரத்தன்மை உடையது. அது பசையைச் சிதைக்கும். இவ்வளவு மெல்லிய வினைல் அடித்தரையின் வெடிப்பையும் மேட்டையும் சில மாதங்களிலேயே மேலே காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சியது எஸ்.பி.சி. எனப்படும் கெட்டிப் பலகை. சுண்ணாம்புக்கல் தூளையும் பி.வி.சி.யையும் சேர்த்து உருவாக்கிய உள்ளீடு, அதன் மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள், அதன் மேல் நிறமற்ற தேய்மானப் படலம், எல்லாவற்றுக்கும் மேல் புற ஊதா ஒளியில் இறுகவைத்த பூச்சு என்பது அதன் அடுக்கு. ஒன்றன் நாக்கை மற்றொன்றின் பள்ளத்தில் கோத்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். தரையோடு ஒட்டப்படாமல் முழுப் பரப்பும் மிதந்தபடி கிடக்கும். பழைய தரையின் எண்ணெய் அதற்குப் பொருட்டன்று. நாளை கழற்ற நேர்ந்தாலும் அடியில் சிவப்புத் தரை சேதமின்றி இருக்கும் என்பது வீட்டுத் தலைவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இதனுடன் ஒரு மறுப்பையும் பதிவு செய்ய வேண்டும். மூதாட்டியார் கேட்டது இது: “தண்ணி ஊத்திக் கழுவாத தரை என்னா தரை தம்பி?” அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. விளம்பரத்தில் தண்ணீர் புகாத தரை என்று எழுதுவது பலகையைப் பற்றியது மட்டுமே. பலகை ஊறாது. ஆனால் வாளி வாளியாக ஊற்றினால் நீர் சுவரோர இடைவெளி வழியே அடியில் இறங்கும். இறங்கிய நீர் உலர வழியில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வீட்டைக் கழுவி வந்தவரிடம் அதை விட்டுவிடுங்கள் என்று சொல்லும் பொருள் இது என்பதை மறைக்காமல் சொன்னேன். அதன் பின் எடுத்த முடிவு எனக்கு மிகச் சரியானதாகப் பட்டது: கூடத்துக்கும் முன் படுக்கையறைக்கும் மட்டும் பலகை, பூசை அறை, சமையலறை, முன்திண்ணை ஆகியவை கழுவும் தரையாகவே நீடிக்கும். பின் படுக்கையறையை ஈரம் தீரும்வரை தொடுவதில்லை. அங்கே மேற்பூச்சைச் சுரண்டிச் சிமெண்டை மூச்சுவிட விட்டார்கள்.

பலகையைத் தேர்ந்த விதம்

ஓசூரிலும் பெங்களூரிலும் வாங்கி வந்த மாதிரிகளை ஒப்பிட்டபோது, விலைச்சீட்டில் பெரிதாக எழுதியிருக்கும் கனம் ஏமாற்றக்கூடியது என்பது தெளிவாயிற்று. 6 மி.மீ. என்று விற்ற ஒன்றில் அடியில் ஒட்டிய நுரைப்பஞ்சு மட்டுமே 1.5 மி.மீ. இருந்தது, 5.5 மி.மீ. என்ற மற்றொன்றில் பஞ்சு 1 மி.மீ. ஆகையால் இரண்டின் உள்ளீடும் ஒன்றே. பூட்டின் வலிமை உள்ளீட்டில்தான் இருக்கிறது. எனவே மொத்தக் கனத்தைக் கேட்காமல் உள்ளீட்டின் கனத்தையும் தேய்மானப் படலத்தின் கனத்தையும் தனித்தனியே கேட்டு எழுதி வாங்கினோம். வீட்டு உபயோகத்துக்கு 0.3 மி.மீ. படலம் போதும் என்பது பொதுக்கருத்து. இங்கே வாசலில் செம்மண்ணும் நுண்மணலும் காலோடு உள்ளே வருவதால் 0.5 மி.மீ. படலம் உள்ளதைத் தேர்ந்தோம். மணல்தான் இத்தகைய தரையைத் தேய்க்கும் முதல் காரணம்.

நிறத்தில் மருமகள் விரும்பியது அடர்ந்த வால்நட் நிறம். கூடத்தின் மேற்கு வாசலும் அதையொட்டிய பெரிய கண்ணாடிச் சன்னலும் பிற்பகல் வெயிலை நேரே தரையில் இறக்கும். மாதிரிகள் இரண்டையும் அந்த வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துக் கையால் தொட்டுப் பார்த்ததில், அடர் நிறப் பலகை சுட்டது; வெளிர் தேக்கு நிறம் இதமாகவே இருந்தது. அடர் நிறத்தில் கடின நீரின் வெண்படிவும் பளிச்சென்று தெரியும். இந்த வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீர் பாத்திரத்தில் வெள்ளை படியவைக்கும் நீர். மருமகள் தாமே வெளிர் தேக்குக்கு மாறினார்.

வழுக்கலைச் சோதிக்க, மாதிரியை நனைத்து அதன் மேல் ஈரக்காலால் நடந்து பார்த்தோம். மர இழையைப் பின்பற்றி மேடுபள்ளம் பொறித்த மங்கலான பரப்பு பிடித்து நின்றது. மெருகேற்றிய பரப்பு நிற்கவில்லை. மூதாட்டியாரை ஊன்றுகோலுடன் நடக்கச் சொல்லி, அவர் தலையசைத்த பின்னரே அதை உறுதி செய்தார்கள்.

மாதிரித் துண்டில் ஓவியம் போல் அழகாக இருக்கும் முடிச்சும் வரியும், தரை முழுதும் விரித்தால் அதே முடிச்சு மூன்றடிக்கு ஒருமுறை திரும்ப வந்து அச்சு என்று காட்டிக்கொடுக்கும். ஆகவே மாதிரியை மட்டும் பார்க்காமல், கடையில் ஒரு பெட்டியை முழுதாகப் பிரித்துத் தரையில் அடுக்கி, எத்தனை வகை வரிகள் உள்ளன என்று பார்க்கச் சொன்னேன். ஒரு மாதிரி இதனாலேயே கழிக்கப்பட்டது. மற்றொன்று பெட்டியைத் திறந்ததும் எழுந்த கடும் நெடிக்காகக் கழிக்கப்பட்டது. மூச்சிரைப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. உள்ளறைக் காற்றில் கலக்கும் ஆவிகளின் அளவுக்கு வழங்கப்படும் ஃப்ளோர்ஸ்கோர் சான்று கொண்ட பலகையை இறுதியாக வாங்கினார்கள். எல்லாப் பெட்டிகளும் ஒரே தொகுப்பு எண் உடையனவாக இருந்தன. சேதத்துக்கும் வெட்டுக்கும் பத்து சதவிகிதம் கூடுதலாகச் சேர்த்தார்கள்.

தரையைத் தயார் செய்தல்

தை மாதத்தில் வேலை தொடங்கியது. முதலில் சுவரும் தரையும் சேரும் மூலையில் ஓரடிக்கு ஒன்றாகத் துளையிட்டுக் கரையான் மருந்தைச் செலுத்தி அடைத்தார்கள்; கட்டி முடித்த கட்டடங்களுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 6313 மூன்றாம் பகுதி கூறும் முறை அது. அந்த இரண்டு நாளும் மூதாட்டியார் தருமபுரியில் மகள் வீட்டில் தங்கினார். வெடிப்புகளை அடைத்தார்கள். இரண்டு பள்ளங்களை மட்டும் எண்ணெய்ப் பூச்சு நீங்கத் தேய்த்து, பிரைமர் அடித்து, தானே மட்டமாகும் சிமெண்ட் கலவையை ஊற்றி நிரவினார்கள். தேய்க்கும்போது வேக்குவம் பொருத்திய எந்திரத்தையே பயன்படுத்தினார்கள்.

ஆசாரி கதவுகளின் அடியை இழைத்தார். பழைய தேக்குக் கதவுகள். நிறுத்தி நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை.

இத்தனைக்கும் ஆன செலவு, பலகைக்குக் கொடுத்த தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சதுர அடி விலையை மட்டும் விசாரித்துக்கொண்டு வருபவர்கள் கணக்கில் சேர்க்காமல் விடுவது இதைத்தான்.

பதித்தல்

பெட்டிகளை அறையிலேயே கிடையாக அடுக்கி 48 மணி நேரம் விட்டு, அறையின் வெப்பத்துக்குப் பழகவைத்தார்கள். தரை மேல் 200 மைக்ரான் பாலித்தீன் தாளை விரித்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடங்களை டேப்பால் ஒட்டினார்கள். பலகைகள் வாசலிலிருந்து உள்நோக்கி வெளிச்சம் வரும் திசையில் ஓடின. அடுத்தடுத்த வரிசைகளின் முனை இணைப்புகள் குறைந்தது 8 அங்குலம் விலகியிருக்குமாறு வைத்தார்கள். சுவரோரம் எங்கும் 8 மி.மீ. இடைவெளி விட்டு, பழைய ஆக்சைடு ஸ்கர்ட்டிங்கின் (சுவரடிப் பட்டை) அடியில் சிறு பி.வி.சி. பட்டையால் மூடினார்கள். பட்டையைச் சுவரில் மட்டும் பொருத்தினார்கள், பலகையில் அன்று. இரும்பு பீரோவும் கேழ்வரகு மூட்டைகளும் ஒரே வரிசையின் இரு முனைகளிலும் அமர்ந்து பலகையை அழுத்திப் பிடிக்காதபடி, மூட்டைகளைச் சமையலறைக்கு மாற்றினார்கள். மேற்கு வாசலின் கிரானைட் படியோரத்தை மட்டும் பதித்தவர்கள் தங்கள் வழக்கப்படி சிலிக்கான் கொண்டு இறுக்கமாக அடைத்து முடித்திருந்தார்கள்.

பின்னர் நடந்தவை

மே மாதக் கத்திரி வெயிலில், மேற்கு வாசலருகே இரண்டு பலகைகளின் முனைகள் கூரை போல மேலெழுந்தன. பலகை பழுதானது என்று குடும்பத்தினர் கருதினார்கள். கல்படியோரத்தில் இருந்த சிலிக்கானை வெட்டிப் பார்த்தால், அடியில் பலகை கல்லோடு முட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் நீண்ட தரைக்கு நகர இடமில்லாததால் அது மேலே எழுந்திருக்கிறது. அந்த ஓரத்தில் 8 மி.மீ. வெட்டி நீக்கி, அலுமினியப் பட்டை பொருத்தினார்கள். இரு நாட்களில் முனைகள் தாமே படிந்தன. பூட்டு எதுவும் முறியவில்லை. சன்னலுக்குத் தடித்த திரை போட்டதும் அப்போதுதான்.

உள்வாசலில் போட்டிருந்த ரப்பர் அடிப்பாகம் கொண்ட மிதியடியை எடுத்தபோது, அதன் வடிவிலேயே மஞ்சள் கறை பதிந்திருந்தது. ரப்பரில் உள்ள வேதிப்பொருள் வினைலுக்குள் ஊடுருவி உண்டாக்கும் கறை அது, துடைத்தால் போகாது. கூடுதலாக வாங்கி வைத்த பெட்டியிலிருந்து அந்தப் பலகைகளை மாற்றலாம் என்றேன். மிதந்து கிடக்கும் தரையாதலால் அதற்கு ஓரத்திலிருந்து கழற்றிக்கொண்டே வரவேண்டும் என்பதால், அவர்கள் பருத்தி மிதியடியைப் போட்டு மறைத்துவிட்டார்கள்.

துடைக்கும் வழக்கம் மாறுவதற்குச் சில வாரங்கள் பிடித்தன. கிணற்று நீரால் துடைத்து அப்படியே விட்டபோது வெண்மை படிந்தது. நன்கு பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் மறுமுறை துடைத்தபோது படியவில்லை. பினாயிலை நிறுத்தினார்கள்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் கூடத்தின் ஓரத்தில் ஒரு வரிசையைக் கழற்றி, தாளுக்கு அடியில் பார்த்தோம். தரை உலர்ந்திருந்தது; பூஞ்சை நாற்றமோ மண்கோடோ இல்லை. மூதாட்டியார் ஊன்றுகோலுடன் கூடத்தில் தனியே நடக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் திண்ணையையும் பூசை அறையையும் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கோலம் போடுவதும் தொடர்கிறது.

பின் படுக்கையறை வேறு வழியில் போனது. நஹானி டிராப்பை மாற்றி, பக்கச் சந்தில் நீர் வடியக் கால்வாய் அமைத்த பின்னும், இரண்டாம் மழைக்காலத் தாள் சோதனையில் ஈரம் சிறிதளவு தெரிந்தது. மகன் அங்கும் பலகை போட்டுவிட வேண்டும் என்றார். தாள் விரித்திருக்கிறோமே என்பது அவர் வாதம். தாள் ஈரத்தைப் போக்குவதில்லை, தடுத்து அடியில் தேக்குகிறது. தேங்கிய ஈரம் சுவர் வழியே ஏறும். அந்த அறைக்கு மங்கலான, சொரசொரப்பான சிறு டைல்ஸ் பதிப்பதென்று முடிவாயிற்று.

இனி மாற்ற வேண்டியவை

இதே வேலையை இன்னொரு வீட்டில் செய்தால், கல்படி உள்ள ஒவ்வொரு வாயிலிலும் விடவேண்டிய இடைவெளியையும் பொருத்தவேண்டிய பட்டையையும் வேலைக்கு முன்பே வரைந்து, கூலி ஒப்பந்தத்தோடு இணைத்துக் கொடுக்க வேண்டும். பதிப்பவர்கள் கைவழக்கத்துக்கு அதை விடக்கூடாது. மேற்கு வெயில் இறங்கும் அறையில் திரையைத் தரைக்கு முன்பே போட வேண்டும். ரப்பர் மிதியடி கூடாது என்பதையும் துடைக்கும் முறையையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, வீட்டு வேலை செய்பவர் பார்க்கும்படி சமையலறைக் கதவில் ஒட்ட வேண்டும். ஈரச் சோதனையைக் கோடையில் ஒருமுறையும் மழையில் ஒருமுறையும் செய்யாமல் பலகைக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது. இந்த வீட்டில் கோடைச் சோதனையை நம்பியிருந்தால் மூன்று அறைகளிலும் பலகை போட்டிருப்பார்கள்.

மீந்த பெட்டிகளை மொட்டைமாடி அறையில் வைக்கக் கூடாது. ஓட்டுக்கு அடியில் வெயில் வாங்கிய பெட்டி ஒன்றில் பலகைகள் வில்லாக வளைந்திருந்ததைப் பின்னர் கண்டோம். எஞ்சியவை இப்போது முன் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் கிடையாக வைக்கப்பட்டுள்ளன.